ஆண்டின் சிறந்த இசைத்தட்டு: ஒரு பரிசும் அதன் பாடமும்

(நமது கல்விச் சங்க வெள்ளி விழாவின் இரண்டாம் நாள், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா என்பது 25 ஆண்டுக் கணக்கை விரித்துப் பார்க்கும் நாள். எத்தனை பிள்ளைகள் நம் இரவுப் பள்ளியில் படித்தார்கள், எத்தனை பேர் விடுதியில் தங்கித் தேர்வு எழுதினார்கள் என்னும் கணக்கைச் செயலாளர் அவர்கள் காலையிலேயே படித்துவிட்டார்கள். எனக்கு இடப்பட்ட பணி வேறு. "இளைஞர்கள் இசையைப் பற்றிக் கேட்க விரும்புகிறார்கள். எந்த நாட்டுச் செய்தியாயினும் சரி, நமக்குப் பயன்படுவதாக இருக்கட்டும்" என்று பணித்தார்கள். ஆதலின், அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆண்டுதோறும் வழங்கப்படும் 'கிராமி' என்னும் இசைப் பரிசுகளுள் தலையாயதாகிய 'ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பு' என்னும் பரிசைப் பற்றிச் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க வந்துள்ளேன்.

எங்கோ நடக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் நம் கல்விச் சங்கத்திற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். 1946 ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேரறிஞர் டூபாய்ஸ் அவர்களுக்கு ஒரு மடல் எழுதினார். கறுப்பின மக்களின் சார்பில் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளிக்கப்பட்ட விண்ணப்பத்தின் படியை அனுப்பித் தருமாறு அதில் கேட்டிருந்தார். டூபாய்ஸும் அன்போடு விடை எழுதினார். கடலுக்கு அப்பால் வாழும் அம்மக்களின் வழக்கை நம் வழக்கோடு சேர்த்துப் படிக்கும் பழக்கத்தை நமக்குக் காட்டியவர்களுள் அண்ணலும் ஒருவர். 1972 இல் பம்பாயில் எழுந்த தலித் சிறுத்தைகள் இயக்கம் தன் பெயரையே அங்கிருந்து பெற்றது. அந்தப் படிப்பின் ஒரு பக்கத்தைத்தான் இன்று புரட்டப் போகிறோம்.

பரிசு பிறந்த கதை

முதலில் 'ஆல்பம்' என்னும் சொல்லைப் பார்ப்போம். பழைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்திற்கு மூன்று, நான்கு நிமிடப் பாட்டுத்தான் அடங்கும். நீண்ட இசையை வெளியிட வேண்டுமானால் பல தட்டுகள் வேண்டும். அவற்றை உறைகளில் இட்டு, புகைப்படத் தொகுப்பைப் போல ஒன்றாகக் கட்டி விற்றார்கள். அந்தக் கட்டுக்கு ஆல்பம் என்று பெயர் வந்தது. 1948 இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்தில் 20 நிமிடத்திற்கு மேல் இசை அடங்கிற்று. கட்டு மறைந்தது; பெயர் மட்டும் நின்றது. அதன் பின்னரே, பல பாடல்களை ஒரு கருத்தில் கோத்து ஒரே படைப்பாகத் தருவது ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. ஒரு பாட்டுக்குப் பரிசு கொடுப்பதும் ஒரு தொகுப்புக்குப் பரிசு கொடுப்பதும் ஒன்றல்ல. பின்னது, ஒருவருடைய முழு உழைப்பையும் முழு எண்ணத்தையும் எடைபோடுவது. இப்பரிசு ஏனையவற்றினும் உயர்வாக மதிக்கப்படுவதற்கு அதுவே காரணம்.

1957 இல் அந்நாட்டில் ஒலிப்பதிவுக் கலைஞர்களின் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. அக்கழகம் 1959 ஆம் ஆண்டு மே 4 ஆம் நாள் முதற் பரிசளிப்பை நடத்தியது. 28 பரிசுகள் வழங்கப்பட்டன. 'கிராமபோன்' என்பதன் சுருக்கமே 'கிராமி'. பரிசாகத் தருவதும் பழைய கிராமபோன் பெட்டியின் சிற்றுருவமே. விலைபோன கணக்கை வைத்து இப்பரிசு தரப்படுவதில்லை. பாடுவோர், வாசிப்போர், இசையமைப்போர், ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆகிய உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். தொழில் அறிந்தவர் தொழிலை மதிப்பிடுவது என்பது இதன் அடிப்படை. கேட்பதற்கு மிகவும் நேர்மையான ஏற்பாடு.

முதல் ஆண்டில் இப்பரிசைப் பெற்றவர் ஹென்றி மான்சினி. ஒரு தொலைக்காட்சித் துப்பறியும் தொடருக்கு அவர் அமைத்த இசைக்கு அது கிடைத்தது. அதே பரிசுக்கு அவ்வாண்டு முன்மொழியப்பட்டவர்களுள் எல்லா பிட்ஸ்ஜெரால்டு என்னும் கறுப்பினப் பெண்மணியும் ஒருவர். ஈடிணையற்ற குரல் வளம் படைத்தவர். வேறு இரு பரிசுகள் அன்று அவருக்குக் கிடைத்தன. தலையாய பரிசு மட்டும் கிடைக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனி வரிசை

இசைத்தட்டுத் தொழில் தொடங்கிய காலத்தில், கறுப்பின மக்கள் தட்டு வாங்கமாட்டார்கள் என்று நிறுவனங்கள் கருதின. 1920 இல் மேமி ஸ்மித் என்னும் கறுப்பினப் பாடகியின் சோக இசைத் தட்டு ஒன்றை ஓக்கே நிறுவனம் வெளியிட்டது. அது மளமளவென்று விற்றது. உடனே நிறுவனங்கள் கண் விழித்துக்கொண்டன. ஆனால் என்ன செய்தன தெரியுமா? கறுப்பினத்தார் பாடிக் கறுப்பினத்தார் வாங்கும் தட்டுகளுக்குத் தனி எண்வரிசை, தனி விலைப்பட்டியல், தனி விளம்பரம் வகுத்தன. 'இனத் தட்டுகள்' என்று அவற்றுக்குப் பெயரும் வைத்தன. காசு ஒரே பெட்டியில் விழுந்தது. தட்டு மட்டும் வேறு அலமாரியில் இருந்தது.

தேநீர்க் கடையில் தனிக் குவளையைக் கண்டவர்களுக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை.

1949 இல் பில்போர்டு என்னும் இசைத்தொழில் இதழ் 'இனத் தட்டுகள்' என்ற தலைப்பை நீக்கி, 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று மாற்றியது. சொல் நாகரிகமாயிற்று; அலமாரி இருந்த இடத்திலேயே இருந்தது. சொற்கள் மாறும்போது பொருளும் மாறிற்றா என்று பார்க்கக் கற்றுக்கொள்வது கல்வியின் முதற் பயன்களுள் ஒன்று.

1962 இல் ரே சார்லஸ் என்னும் கண்பார்வையற்ற கறுப்பினக் கலைஞர் ஒரு துணிச்சலான செயலைச் செய்தார். வெள்ளையருக்கே உரியது என்று அலமாரியில் எழுதி வைத்திருந்த நாட்டுப்புற இசையை, அதாவது 'கன்ட்ரி' இசையை எடுத்து, தம் முறையில் பாடித் தொகுப்பாக வெளியிட்டார். நாடே அதைக் கேட்டது. 1963 இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கு அது முன்மொழியப்பட்டது. பரிசு கிடைத்தது எதற்கு? அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் குடும்பத்தைப் போலப் பேசிக் காட்டிய ஒரு நகைச்சுவைத் தட்டுக்கு! ரே சார்லஸுக்கு இப்பரிசு 2005 இல் வேறொரு தொகுப்புக்காகக் கிடைத்தது. அதற்கு எட்டுத் திங்கள் முன்னரே அவர் மறைந்துவிட்டார்.

கண்ணற்ற இளைஞரின் கணக்கு

இனி நான் சிறப்பாகச் சொல்ல விரும்பும் வரலாற்றுக்கு வருகிறேன். இளைஞர்கள் கூர்ந்து கேட்க வேண்டும்.

ஸ்டீவி வொண்டர் 1950 மே 13 ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தார். குறைமாதத்தில் பிறந்த குழந்தை. பிழைக்கவைக்க உயிர்க்காற்றுப் பெட்டியில் வைத்தார்கள். அளவுக்கு மிஞ்சிய உயிர்க்காற்று அவருடைய கண்களைப் பறித்தது. 11 வயதில் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. 13 வயதில் அவர் பாட்டு நாட்டிலேயே முதலிடத்தில் விற்றது. பாடப் போனதால் படிப்பை விட்டுவிடவில்லை; பார்வையற்றோருக்கான மிச்சிகன் பள்ளியில் தொடர்ந்து படித்தார்.

சிறுவராக இருந்தபோது அவர் ஈட்டிய பணம், உரிய வயது வரும்வரை பொறுப்பில் வைக்கப்பட்டிருந்தது. எதைப் பாடுவது, எப்படிப் பதிவு செய்வது என்பதையெல்லாம் நிறுவனமே முடிவு செய்தது. 1971 இல் அவருக்கு 21 வயது நிறைந்தது. ஒப்பந்தம் முடிந்தது. புகழின் உச்சியில் இருந்த எந்த இளைஞரும் உடனே அடுத்த தாளில் கையெழுத்து இட்டிருப்பார். அவர் இடவில்லை. நியூயார்க் நகரத்திற்குச் சென்று, தம் பணத்தைக் கொண்டு, அப்போதுதான் புதிதாக வந்திருந்த மின்னணு இசைக்கருவிகளைப் பயின்று, தமக்கு வேண்டிய இசையைத் தாமே பதிவு செய்தார். கையில் படைப்பை வைத்துக்கொண்டு, வழக்குரைஞரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பிறகே நிறுவனத்தோடு பேச உட்கார்ந்தார். படைப்பின் மேல் முழு உரிமை, பாடல் வெளியீட்டில் பங்கு, உயர்ந்த ஆதாய விகிதம் ஆகிய மூன்றையும் பெற்ற பின்னரே கையெழுத்திட்டார்.

அந்த உரிமையின் விளைச்சலைப் பாருங்கள். 1973 ஆகஸ்ட் 3 ஆம் நாள் 'இன்னர்விஷன்ஸ்' என்னும் தொகுப்பு வெளிவந்தது. பெரும்பாலான கருவிகளைத் தாமே வாசித்தார். மிசிசிப்பியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த கறுப்பின இளைஞன் பிழைப்புத் தேடி நியூயார்க்குக்கு வந்து, செய்யாத குற்றத்திற்குச் சிறை புகும் கதை அதில் ஒரு பாட்டாக உள்ளது. நிறுவனத்தின் கட்டளைக்குப் பாடியிருந்தால் அப்படி ஒரு பாட்டு வந்திருக்குமா?

தொகுப்பு வெளிவந்த மூன்றாம் நாள், வட கரோலினாவில் அவர் சென்ற கார், மரம் ஏற்றிய லாரியோடு மோதியது. பல நாள் நினைவின்றிக் கிடந்தார். மீண்டெழுந்தார். 1974 மார்ச் 2 ஆம் நாள் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. முதற் பரிசளிப்பிலிருந்து 15 ஆண்டுகள் கழித்து, தனியொரு கறுப்பினக் கலைஞர் அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. 1975 இல் அடுத்த தொகுப்புக்கும் அவருக்கே பரிசு. 1976 இல் அவர் எதையும் வெளியிட்டுப் போட்டிக்கு வரவில்லை. அவ்வாண்டு பரிசு பெற்ற பால் சைமன், இவ்வாண்டு தொகுப்பு வெளியிடாமல் இருந்ததற்காக ஸ்டீவி வொண்டருக்கு மேடையிலேயே நன்றி சொன்னார்! அரங்கம் சிரித்தது; ஆயினும் அது உண்மை மதிப்பு. 1977 இல் 'சாங்ஸ் இன் தி கீ ஆஃப் லைஃப்' என்னும் தொகுப்புக்காக மூன்றாம் முறையும் அவரே பெற்றார்.

அப்புகழை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதையும் சொல்ல வேண்டும். மார்ட்டின் லூதர் கிங் பிறந்த நாளை நாட்டின் விடுமுறை நாளாக்க வேண்டும் என்று பாட்டு இயற்றினார், பேரணி நடத்தினார், ஊர் ஊராகச் சென்றார். 1983 நவம்பரில் அதற்கான சட்டம் கையெழுத்தாயிற்று. 1986 சனவரியில் அந்நாள் முதன்முறையாக நாட்டின் விடுமுறை நாளாகக் கொண்டாடப்பட்டது. தமக்குக் கிடைத்த மேடையைத் தம் மக்களுக்குரிய மேடையாக்கிய பண்பு அது.

இளைஞர்களே, திறமை அவருக்குப் பிறப்பிலேயே இருந்திருக்கலாம். 21 வயதில் அவர் காட்டியது திறமை மட்டுமன்று. தம் உழைப்பின் கணக்கைத் தாமே கேட்டறியும் உறுதி. கண்ணிருந்தும் படிக்காமல் கைநாட்டு வைத்துக் காலியையும் மனையையும் இழந்த நம் முன்னோர்களை நினைத்துப் பாருங்கள். கண்ணில்லாத ஓர் இளைஞர் வழக்குரைஞரைத் துணைக்கு வைத்துக்கொண்டு தம் ஒப்பந்தத்திற்குப் பேரம் பேசினார். இரவுப் பள்ளி நடத்துகிறோமே, அது இதற்காகத்தான்.

கதவு திறந்த பின்னும்

ஒருவர் உள்ளே சென்றுவிட்டால் கதவு திறந்துவிட்டது என்று எண்ணுவது இயல்பு. அது முழு உண்மையன்று.

மைக்கேல் ஜாக்சன் 1979 இல் வெளியிட்ட தொகுப்பு மிகுந்த வரவேற்பைப் பெற்றது. பரிசு வேளையில் 'ரிதம் அண்ட் புளூஸ்' வரிசையில் ஒன்றே ஒன்று கிடைத்தது. ஆண்டின் சிறந்த தொகுப்புக்கு அது முன்மொழியப்படவே இல்லை. அந்தப் புண் அவர் மனத்தில் ஆறவில்லை என்பதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அடுத்த தொகுப்பை எந்த வரிசையிலும் அடைத்துவைக்க முடியாதபடி படைத்தார். 'திரில்லர்' என்ற அத்தொகுப்பு 1984 இல் தலையாய பரிசைப் பெற்றது. ஒரே இரவில் எட்டுப் பரிசுகள்!

1989 இல் 'ராப்' இசைக்கு முதன்முறையாகப் பரிசு ஏற்படுத்தினார்கள். ஆனால் அதை வழங்கும் காட்சியைத் தொலைக்காட்சியில் காட்டமாட்டோம் என்றார்கள். பரிசுக்கு உரியவர்களே சிலர் விழாவுக்கு வர மறுத்தார்கள். 2008 இல் ஹெர்பி ஹான்காக் என்னும் கறுப்பினக் கலைஞர் தலையாய பரிசைப் பெற்றார். அடுத்து ஒரு கறுப்பினக் கலைஞர் பெற 2022 வரை, ஜான் பட்டீஸ்ட் வரும்வரை, 14 ஆண்டுகள் ஆயின. பியான்சே என்னும் பெண்மணி 2010, 2015, 2017, 2023 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் முன்மொழியப்பட்டு நான்கு முறையும் வெறுங்கையோடு திரும்பினார். 2017 இல் பரிசு பெற்ற அடெல் என்னும் ஆங்கிலப் பாடகி, இது பியான்சேவுக்கே உரியது என்ற கருத்தை மேடையிலேயே கண்ணீர் மல்க வெளியிட்டார். இதர பரிசுகளை வேறெவரும் பெறாத அளவுக்குக் குவித்தவர், தலையாய ஒன்றுக்கு மட்டும் 2025 வரை காத்திருந்தார்.

ஒவ்வொரு தோல்வியும் அநீதி என்று நான் சொல்லமாட்டேன். அவர்களை வென்றவர்களும் நல்ல கலைஞர்களே. போட்டி என்றால் ஒருவரே வெல்ல முடியும். ஆயினும், ஒரு மக்களின் இசை சிறு வரிசைகளில் ஆண்டுதோறும் பாராட்டப்பட்டுத் தலைவாசலில் மட்டும் ஆண்டுதோறும் தடைப்படுமானால், அளவுகோலை எடுத்துப் பார்ப்பது முறையன்றோ? அப்படிப் பார்த்தார்கள். வேட்பாளர் பட்டியலைப் பெயர் வெளியிடாத ஒரு குழு திருத்தியமைக்கும் வழக்கம் இருந்தது தெரியவந்தது. கலைஞர்கள் கேள்வி எழுப்பினார்கள். 2021 இல் அக்குழுமுறை கைவிடப்பட்டது. பெண்களும் இளைஞர்களும் கறுப்பினத்தாரும் புதிய உறுப்பினர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். யார் பரிசு பெறுகிறார் என்பதோடு, யார் வாக்களிக்கிறார் என்பதையும் கேட்டதனால் வந்த மாற்றம் இது.

வேறொரு பரிசின் செய்தியும் உண்டு. 1965 இல் டியூக் எலிங்டன் என்னும் மாபெரும் இசைமேதைக்குச் சிறப்புப் பாராட்டு வழங்குமாறு புலிட்சர் பரிசின் இசை நடுவர்கள் பரிந்துரைத்தார்கள். மேலவை மறுத்துவிட்டது. அவர் 1974 இல் மறைந்தார். 1999 இல், அவர் பிறந்த நூற்றாண்டில், அந்தப் பாராட்டு வந்தது. 2018 இல் அதே புலிட்சர் பரிசு கென்ட்ரிக் லாமர் என்னும் ராப் இசைக் கலைஞருக்குக் கிடைத்தது. எந்தத் தொகுப்புக்கு? அதே ஆண்டு கிராமி விழாவில் தலையாய பரிசு மறுக்கப்பட்ட தொகுப்புக்கு! பரிசுகளும் மனிதர் கொடுப்பவையே. அவை தவறும், பின்னர்த் திருந்தவும் செய்யும்.

தவறான கல்வி

கல்விச் சங்கத்தில் பேசுகிறவன் இதைச் சொல்லாமல் போகக்கூடாது. 1999 இல் லாரின் ஹில் என்னும் கறுப்பினப் பெண் தம் 23 ஆம் வயதில் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான பரிசைப் பெற்றார். ராப் இசை சார்ந்த ஒரு தொகுப்புக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதன்முறை. தொகுப்பின் பெயரைத் தமிழில் சொன்னால் 'லாரின் ஹில் பெற்ற தவறான கல்வி' என்று வரும். இப்பெயர், 1933 இல் கார்ட்டர் உட்சன் எழுதிய ஒரு நூலின் பெயரை நினைவூட்டுவது.

உட்சன் யார்? அடிமைகளாகப் பிறந்த தாய் தந்தையின் மகன். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். 20 வயதில்தான் உயர்நிலைப் பள்ளி புகுந்தார். 1912 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கறுப்பின வரலாற்றைக் கொண்டாடும் வாரத்தை 1926 இல் தொடங்கியவரும் அவரே. தன் மக்களைத் தாழ்வாக எண்ணக் கற்பிக்கும் படிப்பு, படித்தவனையே தன் மக்களிடமிருந்து பிரித்துவிடும் என்பது அவருடைய நூலின் கருத்து. பட்டம் பெற்றும் தன்னைத் தானே இழிவாக நினைப்பவனை வெளியில் இருந்து யாரும் அடக்க வேண்டியதில்லை.

அத்தொகுப்பில் மற்றொரு பாடமும் உண்டு. அதில் பணியாற்றிய இசைக்கலைஞர் சிலர் தங்கள் பங்கு உரியவாறு குறிக்கப்படவில்லை என்று வழக்குத் தொடுத்தார்கள். 2001 இல் அது சமரசமாக முடிந்தது. மறுக்கப்பட்ட மக்களுக்குள்ளேயும் ஒருவர் உழைப்பை மற்றொருவர் குறிக்காமல் விடும் பிழை நேரக்கூடும். ஆதலின் எழுதி வைத்துக்கொள்வது பகையன்று, உறவைக் காப்பது.

நம் மேடையில் நடந்தது

இதுவரை பிறர் கதையைச் சொன்னேன். இனி என் குற்றத்தைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு நம் சங்க ஆண்டு விழாவின் இசைப் போட்டிக்கு நடுவர் மூவருள் நானும் ஒருவன். பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் பறையோடு வந்தான். மேடைக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்தித் தோலை வாட்டிக்கொண்டிருந்தான். புகை வருகிறதென்று யாரோ கடிந்தார்கள். மேடையேறி, தன் பாட்டனாரிடம் கற்ற அடிகளோடு தானே கட்டிய அடிகளையும் சேர்த்து, ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும்படி பத்து நிமிடம் வாசித்தான். பந்தல் முழுதும் எழுந்து நின்றது. நாங்கள் என்ன செய்தோம்? திரைப்பாடலை நன்றாகப் பாடிய வேறொரு பிள்ளைக்கு முதற் பரிசுக் கோப்பையைக் கொடுத்தோம். பறையடித்தவனுக்கு, 'கிராமியக் கலைக்கான சிறப்புப் பரிசு' என்று அங்கேயே ஒரு வரிசையை உண்டாக்கி, ஓர் எவர்சில்வர் தூக்கைக் கொடுத்தோம்.

விழா முடிந்தபின் அவன் என்னிடம் வந்தான். "ஐயா, நான் பாட்டுப் போட்டிக்குத்தானே பெயர் கொடுத்தேன், என்னை ஏன் வேற வரிசையில வச்சீங்க?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. "சிறப்புப் பரிசு என்றால் சிறப்பானதுதானே தம்பி" என்று சொல்லித் தோளைத் தட்டி அனுப்பிவிட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இனத் தட்டுகளுக்குத் தனி அலமாரி செய்தவர்களைப் பற்றி உங்களிடம் இவ்வளவு பேசுகிறேனே, நானும் ஓர் அலமாரி செய்தவன்தான்.

ஏன் செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் பறையடித்தவர். ஊரார் சாவுக்கு அழைத்தபோதெல்லாம் கூலி கேட்கவும் உரிமையின்றி அடித்தவர். நான் பள்ளிக்கூடம் சேர்ந்த ஆண்டில், இனி இதை என் கையால் தொடமாட்டேன் என்று பரண்மேல் போட்டார். அவர் அதைப் போட்டதனால்தான் நான் படித்தேன். அந்த முழக்கத்தைக் கேட்கும்போது எனக்கு இசைக்கு முன்னே அவமானம்தான் காதில் விழுகிறது. இங்கே அமர்ந்துள்ள பெரியவர்கள் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். அவர்கள் அதைக் கீழே வைத்தது தன்மானச் செயல், அதில் ஐயமில்லை.

ஆனால் 2025 பிப்ரவரி 2 ஆம் நாள் நிகழ்ந்ததைக் கேளுங்கள். பியான்சேவுக்கு ஐந்தாம் முறையில் தலையாய பரிசு கிடைத்தது 'கௌபாய் கார்ட்டர்' என்னும் தொகுப்புக்கு. லாரின் ஹில்லுக்குப் பின் 26 ஆண்டுகள் கழித்து அதைப் பெற்ற கறுப்பினப் பெண் அவர். அத்தொகுப்பு கன்ட்ரி இசையில் ஊறியது. சிறந்த கன்ட்ரி தொகுப்புக்கான பரிசையும் பெற்றது. அதில் 'பாஞ்சோ' என்னும் நரம்புக் கருவி ஒலிக்கிறது. பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் செய்த கருவியின் வழித்தோன்றல். 19 ஆம் நூற்றாண்டில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசி, கறுப்பினத்தாரை நையாண்டி செய்யும் நாடகங்களில் அதை வாசித்தார்கள். அந்த இழிவு ஒட்டிக்கொண்டதனால் கறுப்பினத்தாரில் பலர் அதைக் கைவிட்டார்கள். காலப்போக்கில் அது வெள்ளையரின் கருவி என்றே உலகம் நம்பியது. இன்று கறுப்பினக் கலைஞர்கள் வரலாற்றைப் படித்து, அது தங்கள் முன்னோருடையது என்று அறிந்து, மீண்டும் கையில் எடுத்திருக்கிறார்கள். அதை வெறுத்துக் கைவிட்ட பாட்டனும் தவறு செய்யவில்லை. அறிந்து எடுத்த பேத்தியும் தவறு செய்யவில்லை. கட்டாயத்தால் செய்வது அடிமைத்தனம். விரும்பிச் செய்வது கலை. மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்ததையும் நீங்கள் அறிவீர்கள். அரசு கண்ட கலையை நான் என் பந்தலில் காணத் தவறினேன்.

செய்ய வேண்டியவை

ஆதலின் இவ்வெள்ளி விழாவில் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, இனி நம் இசைப் போட்டியில் ஒரே வரிசை. பாட்டாயினும் பறையாயினும் விசைப்பலகையாயினும் ஒரே அளவுகோல். அந்த அளவுகோலை முன்னதாகவே எழுதிப் பலகையில் ஒட்ட வேண்டும். நடுவர்களுள் ஒருவரேனும் அக்கருவிகளை அறிந்தவராக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, நம் ஊர்ப் பெரியவர்களின் இசையை, அவர்கள் விரும்பினால், ஒலிப்பதிவு செய்து சங்கத்தின் படிப்பகத்தில் வைப்போம். முதலாமவர் பெயரை மட்டுமன்றி, வாசித்த ஒவ்வொருவர் பெயரையும் எழுதுவோம். கிராமிப் பரிசுகூட நாளடைவில் பாடகரோடு நில்லாமல் தயாரிப்பாளர், ஒலிப்பதிவுப் பொறியாளர், பாடலாசிரியர் என்று பலரையும் சேர்த்துக் குறிக்கக் கற்றுக்கொண்டது.

மூன்றாவது, நம் இரவுப் பள்ளியில் திங்களுக்கு ஒரு நாள், ஒப்பந்தத் தாள்களைப் படிக்கக் கற்பிப்போம். வேலை ஒப்பந்தம், கடன் பத்திரம், குத்தகைச் சீட்டு, கலைநிகழ்ச்சிக்கான உடன்படிக்கை எதுவாயினும் சரி, படிக்காமல் கையெழுத்து இடுவதில்லை என்று நம் பிள்ளைகள் உறுதி கொள்ளட்டும்.

இறுதியாக ஒன்று. சென்ற ஆண்டு அந்தத் தம்பிக்கு நான் சொன்ன விடை தவறு. அவன் இப்பந்தலின் கடைசி வரிசையில் நிற்கிறான். நான் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறேன். தம்பி, உன்னை வேறு வரிசையில் வைத்தது என் பிழை. கோப்பையை இப்போது திருப்பி வாங்கித் தர முடியாது. அந்தப் பிள்ளையும் உழைத்தே பெற்றான். ஆனால் நாளை மாலை நிறைவு விழாவைத் தொடங்கி வைக்கும் இசை உன்னுடையதாக இருக்க வேண்டும் என்று தலைவர் அவர்களிடம் கேட்டிருக்கிறேன். அவர்களும் இசைந்துள்ளார்கள். வைக்கோல் கொளுத்த மேடைக்கு முன்னாலேயே இடம் ஒதுக்கியாயிற்று.